சேட்டின் புத்தகங்களுக்குச் சொல் அட்டை எழுதிய காலம்

வெள்ளைக்காரர்கள் திருகோணமலைக் கடற்படைத் தளத்தை விட்டுப் போனபோது என் வேலையும் போய்விட்டது. தளத்தின் களஞ்சியத்தில் நான் அட்டை எழுதுகிற லிகிதராக இருந்தேன். கயிறு, பெயின்ற், பித்தளைத் திருகாணி என்று உள்ளே இருந்த ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் அட்டை இருந்தது. அந்தச் சாமான் எந்த அறையில், எந்தத் தட்டில் இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். யாராவது வந்து கேட்டால் களஞ்சியத்துக்குள் அலையாமல் அட்டையைப் பார்த்து எடுத்துக் கொடுக்கலாம். எனக்குத் தெரிந்த தொழில் அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஊரில் வேறு யாரிடமும் வேலை கேட்க முடியவில்லை. கணவர் நிலாவெளியில் படிப்பித்தார். நான் வீட்டில் இருந்து சட்டை தைத்தேன், அதிலும் பாதியைப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் சேட் ஆளனுப்பினார். துறைமுக வீதியில் கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கிற கடை வைத்திருந்தவர் அவர். இளம் வயதில் வட இந்தியாவிலிருந்து பம்பாய்க்கும், அங்கிருந்து இங்கேயும் வந்தவர். ஊரில் எல்லோருக்கும் அவர் சேட்தான். தளம் போனதோடு அவருடைய வியாபாரமும் படுத்துவிட்டது. அதைவிடப் பெரிய கஷ்டம், இரண்டு கண்ணும் இருண்டுகொண்டு வந்தன. கொழும்பு வைத்தியர்களும் கைவிரித்துவிட்டார்கள்.

கடைக்கு மேலே ஓர் அறை. அதன் யன்னலைத் திறந்தால் துறைமுகம் தெரியும். அறையின் மற்ற மூன்று சுவரிலும் அலுமாரி. அலுமாரி நிறைய உருதுப் புத்தகங்கள். கவிதை, சமயம், பிரயாணக் கதை, வைத்தியம், பழைய சஞ்சிகைகளைக் கட்டிவைத்த தொகுதிகள். சேட் என்னைக் கதிரையில் இருத்திவிட்டுத் தன் துறைமுகத் தமிழில் விசயத்தைச் சொன்னார். அவருக்குப் படித்ததெல்லாம் மனதில் இருக்கிறது. ஆனால் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று இல்லை. ஒரு சொல், இரண்டு சொல், அவ்வளவுதான் வருகிறது. கண் தெரிந்த காலத்தில் புரட்டிப் பார்த்துப் பிடித்துவிடுவார். இனி ஏலாது.

"நீ தளத்திலே ஆணிக்கு அட்டை போட்டே. எனக்குச் சொல்லுக்கு அட்டை போடு, பேட்டீ," என்றார். மகளே என்பதற்கு உருதுவில் பேட்டீ என்பார்கள். "நான் சொல்லைச் சொல்லுவேன். நீ பக்கத்தைச் சொல்லணும்."

எந்தச் சொல்லுக்கு என்று கேட்டேன்.

"எல்லாச் சொல்லுக்கும்."

எனக்கு உருது தெரியாது என்றேன். ஆணியைப் பற்றியும் உனக்கு என்ன தெரியும் என்று கேட்டார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அன்றைக்கே மாட்டேன் என்றிருக்க வேண்டும்.

உருது தெரிந்த ஆள் மௌலவி. குறிஞ்சாக்கேணியைச் சேர்ந்தவர், நாற்பது வயது இருக்கும், வட இந்தியாவில் சில வருசம் ஓதிவிட்டு வந்தவர். ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி நீரைக் கடக்கிற மிதவைப் படகை எங்கள் பக்கத்தில் பாதை என்போம். அவர் வீட்டிலிருந்து துறைமுக வீதிக்கு வர ஒரு பாதையில் ஏறி, இறங்கி, இன்னொரு பாதையில் ஏறி, பிறகு பஸ் பிடிக்க வேண்டும். மூன்றில் ஒன்று பிழைத்தாலும் எங்கள் வேலை நின்றுவிடும். நான் காலையிலேயே வந்து பென்சில்களைச் சீவி அடுக்கிவைத்துக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்திருப்பேன். வெயில் ஏறிய பிறகு அவர் சாறன் நனைந்து வந்து நிற்பார். கேட்டால், பாதைக் கயிறு அறுந்துபோச்சு என்பார். அந்தக் கயிறு வாரத்துக்கு ஒருமுறையாவது அறுந்தது.

அட்டைக்குக் கடதாசி கிடைக்காத காலம் அது. சேட்டின் கடையில் பழைய சாமான் அட்டைகள் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. ஒரு பக்கம் வெங்காயம், சவர்க்காரம் என்று அச்சடித்திருக்கும், மறுபக்கம் வெறுமை. அதில் எழுதினோம். மௌலவி புத்தகத்தைத் திறந்து சொல் சொல்லாக வாசித்து, ஒவ்வொரு சொல்லையும் ஓர் அட்டையின் தலைப்பில் உருதுவில் எழுதித் தருவார். நான் அதன் கீழே புத்தகத்தின் இலக்கம், பக்கம், வரி மூன்றையும் எழுதி மரப்பெட்டியின் இழுப்பறையில், லாச்சி என்போம், அதற்குரிய இடத்தில் போடுவேன். அதே சொல் மறுபடி வந்தால் பழைய அட்டையை எடுத்துப் புதிய பக்கத்தைச் சேர்க்க வேண்டும். அதற்கு எனக்கு எழுத்தாவது தெரிந்திருக்க வேண்டும். ஆகவே மௌலவி உருது எழுத்துக்களை வரிசையாக ஒரு சவர்க்காரப் பெட்டி மூடியில் எழுதித் தந்தார். அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குசினிச் சுவரில் சாய்த்துவைத்துப் பாடமாக்கினேன். சோறு கரிந்ததுதான் மிச்சம் என்று கணவர் சொன்னார்.

எழுத்தைப் படித்தால் போதும் என்று நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்தப் புத்தகங்களை எழுதிய கையெழுத்துக்காரர்கள் ஆளுக்கொரு சட்டம் வைத்திருந்தார்கள் என்று. அச்சுக் கோத்த புத்தகங்கள் அல்ல அவை. கையால் எழுதிக் கல்லில் ஏற்றி அடித்தவை. வரியில் இடம் போதாவிட்டால் இரண்டு சொல்லை ஒட்டி ஒரு சொல்லாக எழுதிவிடுவார்கள். இடம் மிஞ்சினால் ஒரு சொல்லை இரண்டாகப் பிரித்துப் பரப்புவார்கள். ஒட்டியதை எங்கே போடுவது, பிரித்ததை எங்கே போடுவது? உருதுவில் 'ஹ' என்ற எழுத்து இரண்டு வடிவத்தில் வரும். ஒன்று வட்டமானது, மற்றது இரண்டு கண் வைத்தது. ஒன்றுக்கு வேலை ஒன்று, மற்றதுக்கு வேலை வேறு என்று மௌலவி விளங்கப்படுத்தினார். நான் அதை நம்பி லாச்சியை இரண்டாகப் பிரித்தேன். அடுத்த புத்தகத்தில் எழுதியவர் அழகுக்காக இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டிருந்தார்.

இதைவிட, 'இஸ்' என்றால் இது, 'உஸ்' என்றால் அது. இரண்டையும் ஒரே மாதிரித்தான் எழுதுகிறார்கள். உயிர்க்குறி போடுவதில்லை. அது எப்படி என்று கேட்டேன்.

"வாசிக்கிறவனுக்கு விளங்கும் தங்கச்சி," என்றார் மௌலவி.

"எனக்கு விளங்காதே."

"நீங்கள் வாசிக்கத் தேவையில்லையே. அடுக்கினால் போதும்."

எதை எங்கே அடுக்குவது என்று தெரியாமல் எப்படி அடுக்குவது என்று நான் கேட்க, அவர் தொழுகைக்கு நேரமாகிறது என்று எழும்பிப் போனார்.

'கா', 'கே', 'கீ' என்று மூன்று சின்னச் சொற்கள் எங்கே பார்த்தாலும் வந்தன. தமிழில் 'உடைய' என்று சொல்வதுபோல. அவற்றுக்கு மட்டும் ஒரு லாச்சி நிரம்பி, அடுத்ததும் நிரம்பத் தொடங்கியது. சாமானை எடுத்துக் கொடுக்கும்போது பொதி கட்டிய சணலுக்கு யாரும் அட்டை போடுவதில்லை என்று கீழே போய்ச் சேட்டுக்கு எடுத்துச் சொன்னேன். அவர் கேட்கவே இல்லை. எல்லாச் சொல்லும் என்றால் எல்லாச் சொல்லும்தான் என்றார். நான் மேலே வந்து மௌலவியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அன்றிலிருந்து அந்த மூன்றையும் எழுதுவதை நிறுத்திவிட்டோம். நாங்கள் இருவரும் சண்டையில்லாமல் எடுத்த ஒரே முடிவு அது. சேட் இங்கே இருந்தவரை ஒருபோதும் 'கா'வைத் தேடச் சொல்லவில்லை.

ஒரு வருசத்துக்கு மேல் இப்படியே போனது. கவிதைத் தொகுதிகளை முடித்திருந்தோம். ஒருநாள் சேட் படியைத் தடவித் தடவி மேலே வந்தார். பரிசோதித்துப் பார்க்கப் போகிறேன் என்றார். கதிரையில் இருந்து, தடியை மடியில் வைத்துக்கொண்டு, 'ஷராப்' என்றார்.

ஷராப் என்றால் மது. அந்த மொழியின் கவிதை எழுதுகிறவர்களுக்கு அது இல்லாமல் பேனா நகராதாம். நான் லாச்சியை இழுத்துத் தேடினேன். இல்லை. முன்னும் பின்னும் பார்த்தேன். எங்கேயும் ஷராப் இல்லை.

"ஒண்ணுகூட இல்லையா?" என்றார் சேட். "அந்த அலுமாரி முழுக்க அதுதானே இருக்கு."

ஷராப் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அட்டை தடித்துப்போய் இருந்தது. மூலை மடங்கி, இரண்டு தொடர் அட்டைகளோடு. எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். 'ஷர்பத்' என்று இருந்தது. சர்பத். பக்க இலக்கங்கள் எல்லாம் கவிதைத் தொகுதிகளுடையவை. அத்தனை கவிஞர்களும் இரவிரவாகச் சர்பத் குடித்து மயங்கியிருந்தார்கள்.

நான் மௌலவியைப் பார்த்தேன். அவர் தாடியை நீவிக்கொண்டு யன்னலால் வெளியே பார்த்தார்.

"ஓம், நான்தான் மாத்தி வாசிச்சனான்," என்றார் கடைசியில். "என்ட வாயால அதை ஒவ்வொரு பக்கமும் சொல்ல ஏலாமல் கிடந்தது. கருத்தும் பெரிசா மாறயில்லை."

சேட்டுக்கு முகம் சிவந்துவிட்டது. உருதுவில் என்னென்னவோ சொன்னார், எனக்கு விளங்கவில்லை. மௌலவிக்கு விளங்கியது. எனக்கு வந்த கோபம் சேட்டின் கோபத்துக்குக் குறைந்ததல்ல. சாமான் அட்டையில் ஆணி என்று எழுதிவிட்டுப் பெட்டிக்குள் பித்தளைத் திருகாணி வைத்தால் தளத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வேறு எதையெல்லாம் மாற்றினீர்கள் என்று கேட்டேன். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். காதலி என்று வந்த சில இடங்களில் நண்பன் என்று வாசித்திருந்தார். ஒரு நகைச்சுவைக் கவிதையில் ஒரு மார்க்க அறிஞரைக் கேலி செய்த வரியை வாசிக்கவே இல்லை, தாண்டிப் போயிருந்தார்.

இனி இந்த ஆளே வேண்டாம் என்றுதான் சேட் நினைத்திருப்பார். ஆனால் ஊரில் வேறு உருது தெரிந்தவர் இல்லை. மௌலவிக்கும் அந்தப் புத்தகங்களை விட்டுப்போக மனமில்லை. அது எனக்குப் பிறகுதான் விளங்கியது. அவர் மறுநாள் வழமையைவிட முந்தி வந்தார். கவிதைத் தொகுதிகளை முதலிலிருந்து திறந்தார். ஒவ்வொரு ஷராபையும் உள்ளது உள்ளபடி வாசித்தார், சத்தத்தை மட்டும் குறைத்துக்கொண்டு. நான் அழிறப்பரால் பழையதை அழித்து அழித்து அட்டையே தேய்ந்துபோனது. மாரி மழை முழுதும் அதிலேயே கழிந்தது.

ஏறத்தாழ எல்லாப் புத்தகமும் முடிந்த சமயத்தில் சேட் மறுபடி மேலே வந்தார். இந்த முறை பரிசோதனைக்கு அல்ல. அவருக்கு உண்மையிலேயே ஒன்று தேவைப்பட்டது. பல வருசமாக ஒரு வரி மனதுக்குள் நிற்கிறதாம். ஒரு மகா கவிஞருடையது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. யார் என்றுதான் பிடிபடவில்லை. உருதுவில் அதைச் சொன்னார். பாதிதான் வந்தது. மௌலவி எனக்குத் தமிழில் சொன்னார்: உள்ளங்கையில் ஏந்திய தண்ணீரில், கண் தன்னைத் தானே காணும்வரை. அதற்கு முன்னும் பின்னும் ஏதோ உண்டு, விடியற்காலையைப் பற்றி.

கண் என்ற சொல்லுக்குரிய அட்டைகளை எடுத்தேன். ஒரு கட்டு. அந்தக் கவிஞர்கள் எல்லோருக்கும் கண்தான் வேலை. தண்ணீருக்கும் ஒரு கட்டு. இரண்டையும் மேசையில் அருகருகே பரப்பி, எந்தப் பக்கம் இரண்டிலும் இருக்கிறது என்று விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு போனேன். அப்படிப் பொருந்திய பக்கங்களை மௌலவி ஒவ்வொன்றாகத் திறந்து வாசித்தார். எல்லாம் அழுகை. கண்ணும் தண்ணீரும் சேர்ந்தால் வேறு என்ன வரும்? சேட் ஒவ்வொன்றுக்கும் இல்லை, இல்லை என்று தலையாட்டினார். பின்னேரம் வரை இதே கதை. குனிந்து குனிந்து எனக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் உள்ளங்கை என்ற சொல் ஞாபகம் வந்தது. உருதுவில் ஹதேலி. கண்ணைப்போல எங்கும் வருகிற சொல் அல்ல. வட்ட 'ஹ' லாச்சியில் தேடினேன். இரண்டே இடம், இரண்டும் பிழை. எரிச்சலோடு லாச்சியைத் தள்ளி மூடினேன். பிறகு ஏதோ நினைத்து இரண்டு கண் வைத்த 'ஹ' லாச்சியை இழுத்தேன். அழகுக்காக எழுத்தை மாற்றிய அந்தக் கையெழுத்துக்காரர் ஒரு ஹதேலியை அங்கே போட வைத்திருந்தார். பக்கத்தைக் கண் அட்டையோடும் தண்ணீர் அட்டையோடும் ஒத்துப் பார்த்தேன். மூன்றிலும் இருந்தது.

புத்தகத்தின் இலக்கத்தைச் சொன்னேன். மௌலவி அலுமாரிக்குப் போய் எடுத்து, அட்டையைப் பார்த்துவிட்டு, பிழையாக எழுதியிருக்கிறீர்கள் என்றார். நான் இலக்கத்தை மறுபடி பார்த்தேன். பிழை இல்லை. அது யூனானி வைத்தியப் புத்தகம். அவர் பக்கத்தை எடுத்து வாசித்தார். வாசிக்கும்போதே சேட்டின் உதடும் கூடவே அசைந்தது: விடியமுன் எழும்பி, வெயில் படாத தண்ணீரை உள்ளங்கையில் ஏந்து. கண் தன்னைத் தானே காணும்வரை திறந்து வை. மௌலவி நிறுத்தாமல் அடுத்த வரியையும் வாசித்துவிட்டார்: பிறகு பெருஞ்சீரகம் ஊறிய நீரில் மூன்று துளி விட்டால் கண் எரிவு தணியும்.

நான் சிரிக்கவில்லை. ஆனால் மௌலவியின் தோள் குலுங்கியதைச் சேட் காணாவிட்டாலும் உணர்ந்திருப்பார்.

"பொய்," என்றார் சேட். "சர்பத் மாதிரி இதுவும் நீ செய்தது."

மௌலவி குர்ஆன் மேல் ஆணையாகச் சொன்னார். சேட் நம்பவில்லை. அட்டையும் பிழை, ஆளும் பிழை, நாளைக்கு வரவேண்டாம் என்று எங்கள் இருவரையும் அனுப்பிவிட்டார். படியிறங்கும்போது எனக்கு வார்த்தை வாய் வரை வந்தது. இத்தனை காலம் எழுதி, அழித்து, திரும்ப எழுதி, கடைசியில் அவர் கேட்டதைக் கேட்டபடி எடுத்துக் கொடுத்தால், கிடைத்தது பிடிக்கவில்லை என்று எங்களைக் கள்ளராக்குகிறார். வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பாதியில் சிரித்துவிட்டார். அவரோடும் கதைக்கவில்லை.

ஒரு கிழமை கழித்துக் கடைச் சிப்பந்தி வந்து சேட் கூப்பிடுகிறார் என்றான். போகக்கூடாது என்றுதான் இருந்தேன், ஆனாலும் போனேன். மௌலவியும் வந்திருந்தார். சேட் கீழே கடையில், வெறும் தட்டுகளுக்கு நடுவில் இருந்தார். தேத்தண்ணீர் வரவழைத்தார்.

பிறகு, தான் இங்கே வந்த புதிதில் நிலக்கரிக் கப்பல்களுக்குப் போய்ப் போய்க் கண் வீங்கிவிட்டதைச் சொன்னார். பல நாள் கட்டுப்போட்டுக் கிடந்தாராம். அப்போது மனைவிதான் பக்கத்தில் இருந்து வாசித்தவர். பகலில் பொழுதுபோகக் கவிதை வாசிப்பாராம். இடையில் வைத்தியப் புத்தகத்தை எடுத்து என்ன மருந்து போடலாம் என்று பார்த்து அதையும் வாய்விட்டே வாசிப்பாராம். அந்த அம்மா இறந்து நெடுங்காலம்; இங்கேதான் அடக்கம். நான் அவரைக் கண்டதில்லை.

"எல்லாம் அவ குரல்லேதான் கேட்டேன்," என்றார். "எது கவிதை, எது மருந்து என்று கண் கட்டியவனுக்கு எப்படித் தெரியும்?"

மௌலவி குனிந்து இருந்தார். சேட் எழும்பி, மேலே போவோம் என்றார். அந்த வைத்தியப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கச் சொன்னார். மௌலவி வாசித்தார். மலச்சிக்கல், பல்வலி, தேள்கடி. சேட் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அன்று அவர் எங்களை ஒன்றுக்கும் ஏசவில்லை.

அடுத்த வருசம் அரசாங்கம் சேட்டின் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. வியாபாரமும் இல்லை, அனுமதியும் இல்லை, கண்ணும் இல்லை. பம்பாயிலிருந்து அவருடைய அண்ணன் மகன் வந்தார், கூட்டிப்போக. அவர் அவசரக்காரர். புத்தகங்களை மட்டும் பெட்டியில் அடுக்கிவிட்டு, இந்த வெங்காய அட்டைகளை இங்கேயே விடுவோம் என்றார். சேட் எழும்பி நின்றார்.

"அட்டை வராட்டா நானும் வரல்லே."

லாச்சிகள் வைத்த மரப்பெட்டியைத் தூக்க முடியாது. ஆகவே லாச்சிகளை மட்டும் உருவிக் கயிற்றால் கட்டினார்கள். நான் இரண்டிரண்டாகக் கட்டச் சொன்னேன். அண்ணன் மகன் ஆறு ஆறாகக் கட்டினார். பின்னேரம் புகையிரத நிலையத்தில், ரயில் நின்றுகொண்டிருக்க, போர்ட்டர் ஒரு கட்டைத் தோளுக்கு ஏற்றும்போது கயிறு நழுவியது. மேடை முழுக்க அட்டை. கடற்காற்று வேறு.

நானும் மௌலவியும் முழங்காலில் இருந்து பொறுக்கினோம். பயணிகள் சிலரும் குனிந்து பொறுக்கித் தந்தார்கள், தலைகீழாக, வெங்காயப் பக்கம் மேலே வைத்து. நான் எழுத்து வரிசையில் அடுக்கத் தொடங்கினேன். மௌலவி அடுக்க நேரமில்லை, அள்ளுங்கள் என்றார். அடுக்காமல் அனுப்பினால் அது குப்பை என்றேன். விசில் ஊதியதும் அவர் என் கையிலிருந்ததைப் பறித்து, யன்னலுக்குள் கைவிட்டுச் சேட்டின் தலையணை உறை ஒன்றை உருவி, எல்லாவற்றையும் அதற்குள் திணித்து யன்னலால் கொடுத்தார். உள்ளே சேட் எல்லா அட்டையும் வந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தார். வந்தது என்றேன். ரயில் நகர்ந்தது. அவர் எங்கள் பக்கம் என்று நினைத்து மறுபக்க யன்னலுக்குக் கை காட்டினார்.

அதன் பிறகு நான் நகரசபை வாசிகசாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். தமிழ்ப் புத்தகங்கள், ஒரு புத்தகத்துக்கு ஓர் அட்டை. முதல் மாதம் விடுமுறையில் இருப்பதுபோல இருந்தது. இரண்டு மூன்று வருசம் கழித்துப் பம்பாய் வியாபாரி ஒருவர் சேட் இறந்த செய்தியைக் கொண்டுவந்தார். கடைசி வரைக்கும் அண்ணன் மகனின் மகள், பேத்தி முறையான ஒருத்தி, பக்கத்தில் இருந்து வாசித்தாளாம். தலையணை உறையைத் தரையில் கொட்டி, ஒரு மழைக்காலம் முழுக்க இருந்து அடுக்கியதும் அவள்தானாம். மௌலவி வாசிகசாலைக்கு வந்தபோது அதைச் சொன்னேன். அப்படியென்றால் அந்த ஷராப் அட்டைகளையும் அவள்தானே அடுக்கியிருப்பாள் என்றார். பிறகு அந்தப் பிள்ளைக்கு எத்தனை வயது என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.